கொல்லைச் சுவரில் செங்கல் சந்துகள் உதிர்கின்றன: சிமெண்ட் வைப்பதா, சுண்ணாம்பு வைப்பதா?

காவிரிக்கரை | ஜனவரி 6

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் பிறந்த வீடு இருக்கிறது. தாத்தா கட்டியது, நிலைவாசலுக்கு மேல் 1938 என்று பொறித்திருக்கும். அப்பா போன பிறகு அம்மா மட்டும் அங்கே இருக்கிறார்.

முன்கட்டும் கூடமும் சுண்ணாம்புப் பூச்சு, இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. கொல்லைப்பக்கச் சுவரை மட்டும் ஏனோ பூசாமல் வெறும் செங்கல்லாகவே விட்டிருக்கிறார்கள். 24 அடி நீளம், 10 அடி உயரம். மெல்லிய பழைய செங்கல், நடுவில் சுண்ணாம்புக் காரை.

இந்த மழை முடிந்து போய்ப் பார்த்தால், தரையிலிருந்து ஆறடி உயரம் வரை சந்துகளில் காரையே இல்லை. விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டுகிறது. சில இடங்களில் சுண்டுவிரல் முதல் கணு வரை உள்ளே போகிறது. 12 வருஷத்துக்கு முன்னால் அப்பா ஒரு பகுதியில் சிமெண்ட் வைத்து பாயிண்டிங் செய்தார், அதாவது சந்துகளை மட்டும் அடைத்தார். அந்த இடம்தான் எல்லாவற்றையும்விட மோசம். சிமெண்ட் கோடு கோடாக அப்படியே நிற்கிறது, செங்கல்தான் உதிர்ந்து உள்ளே போய்விட்டது. தேன்கூட்டைப் பார்ப்பது போல இருக்கிறது. எல்லா இடத்திலும் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது.

இரண்டு கொத்தனார்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் சுவர் முழுவதையும் சிமெண்டால் பூசிவிடலாம் என்கிறார். இன்னொருவர் சந்துகளை 1:3 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) அடைத்துவிட்டு மேலே ஒரு கெமிக்கல் அடித்தால் போதும் என்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தளமேடை | ஜனவரி 6

சகோதரி, நான் கட்டுமான மேற்பார்வையில் 9 வருஷமாக இருக்கிறேன். இரண்டாவது கொத்தனார் சொன்னதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். உதிர்ந்த காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, 1:3 சிமெண்ட் கலவையில் நீர்த்தடுப்பு திரவம் சேர்த்து அடையுங்கள். ஒரு வாரம் தண்ணீர் விடுங்கள். காய்ந்ததும் மேலே சிலிகான் கோட்டிங் இரண்டு முறை. தண்ணீர் உள்ளே போகாவிட்டால் உப்பும் வராது. இன்றைக்குச் சுண்ணாம்பில் வேலை செய்யத் தெரிந்த ஆளைத் தேடுவதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

---

கரண்டிப்பிடி | ஜனவரி 7

அம்மா, நான் 41 வருஷமாகக் கொத்து வேலை செய்கிறவன். என் அப்பா சுண்ணாம்பு வேலைக்காரர். மாடு கட்டிக் கல் உருளையில் சாந்து அரைத்த வட்டப் பள்ளம் எங்கள் தெருமுனையில் நான் சிறுவனாக இருந்தபோதுகூட இருந்தது. பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லிக்கொண்டு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் அந்தத் தேன்கூடு ஏன் வந்தது என்று பார்ப்போம். உங்கள் சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. கடைக்காலிலிருந்து, அதாவது அஸ்திவாரத்திலிருந்து, ஓதம் என்கிற மண் ஈரம் ஏறும், மழையும் நனைக்கும். போன தண்ணீர் வெளியே வந்தே ஆக வேண்டும். எந்த வழி லேசாக இருக்கிறதோ அந்த வழியாக வரும். சுண்ணாம்புச் சந்து இருந்தால் அதன் வழியாக வந்து காய்ந்துவிடும். தண்ணீரோடு வந்த உப்பும் அந்தச் சந்திலேயே படிந்து, கட்டியாகி, காரையை உதிர்க்கும். நீங்கள் விரலால் தேய்த்த மாவு அதுதான். காரை கெட்டுவிட்டதே என்று வருத்தப்படாதீர்கள். 85 வருஷத்துக்கு மேல் அது செங்கல்லுக்காக அடி வாங்கியிருக்கிறது. சந்துக்காரை தேய்ந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். செங்கல் தேய்ந்தால் எங்கே போவது?

சந்தில் சிமெண்டை அடைத்ததும் அந்த வழி மூடிப் போயிற்று. தண்ணீர் செங்கல் வழியாக வர ஆரம்பித்தது. உப்பு இப்போது செங்கல்லின் தோலுக்குப் பின்னால் படிகிறது. படிந்து பெருத்து, தோலைத் தள்ளிவிடுகிறது. செங்கல்லுக்கு வெளித்தோல்தான் நன்றாக வெந்த பாகம். அது போய்விட்டால் உள்ளே இருப்பது இளசு, அப்புறம் வேகமாகக் கரையும். சிமெண்டுக்குள்ளேயும் கொஞ்சம் உப்பு உண்டு, அதுவும் சேர்ந்துகொள்ளும். அப்பாவைக் குறை சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். நானே எத்தனையோ வீட்டுக்குச் செய்திருக்கிறேன். இப்போது அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

சந்தில் வைக்கிற காரை செங்கல்லைவிட மிருதுவாக இருக்க வேண்டும். உங்கள் செங்கல் பழையது, இளசு. அதற்கு 1:3 சிமெண்ட் ஆகவே ஆகாது. சுண்ணாம்புதான்.

தம்பி தளமேடை சொன்ன சிலிகானை இந்தச் சுவரில் தொடவே தொடாதீர்கள். மேலிருந்து வருகிற மழையை அது தடுக்கும், சரி. கீழிருந்து ஏறுகிற ஓதத்தை என்ன செய்யும்? உப்பு அந்தக் கோட்டிங்குக்குப் பின்னால் சேர்ந்து, செங்கல்லின் முகத்தையே பாளம் பாளமாகப் பெயர்த்துவிடும்.

ஆனால் கரண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கொல்லையில் மண் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது? மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது? பாத்திரம் தேய்க்கிற இடம், துணி துவைக்கிற கல் அந்தச் சுவரோரமாக இருக்கிறதா? இதைச் சரி செய்யாமல் எதை வைத்து அடைத்தாலும் பணம் வீண்.

---

காவிரிக்கரை | ஜனவரி 9

ஐயா, உங்கள் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நேற்று நேரில் போய் நீங்கள் கேட்டதையெல்லாம் பார்த்தேன்.

கொல்லைப்பக்கம் ஒரு சந்து ரோடு போகிறது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைக் கொத்தி எடுக்காமல் மேலேயே போட்டு, அது உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. மழைத் தண்ணீர் கொல்லைக்குள் வடிகிறது. வண்டல் சேர்ந்து சேர்ந்து மண் ஒன்றரை அடி ஏறிவிட்டது. சின்ன வயதில் கொல்லைப் படியில் மூன்று படி இறங்கியது எனக்கு நினைவிருக்கிறது, இப்போது ஒன்றுதான் தெரிகிறது!

மாடித் தூம்பு ஒன்று உடைந்து, தண்ணீர் நேராகச் சுவரில் வழிகிறது. அதற்குக் கீழேதான் காரை அதிகம் போயிருக்கிறது. அப்புறம் மேல் மூலையில் ஒரு அரசங்கன்று முளைத்திருக்கிறது. அம்மா ஒவ்வொரு வருஷமும் வெட்டிவிடுகிறாராம், மறுபடி வருகிறதாம்.

---

கரண்டிப்பிடி | ஜனவரி 9

நோய் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது அம்மா.

சுவரோரமாக மூன்றடி அகலத்துக்கு மண்ணை வெட்டி எடுங்கள். பழைய தரைமட்டம் தெரிகிற வரை போங்கள், கடைக்காலைத் தோண்டிவிடக் கூடாது. தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடுகிற மாதிரி சரிவு கொடுங்கள். சிமெண்ட் தளம் போட்டு மூடாதீர்கள், மண்ணில் இருக்கிற ஈரம் மேலே காய வழியில்லாமல் சுவருக்குள் ஏறும். ஜல்லி பரப்பினால் போதும். தூம்பை மாற்றிச் சுவரை விட்டு ஒன்றரை அடியாவது தள்ளி விழச் செய்யுங்கள்.

அரசங்கன்றை வெட்டினால் போகாது. வேர் சந்துக்குள் ஓடியிருக்கும். அந்த இடத்தில் நாலு செங்கல்லைக் கழற்றி, வேரை முழுசாக உருவி எடுத்துவிட்டு, அதே செங்கல்லைச் சுண்ணாம்பு வைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். ஒரு துண்டு வேர் மிச்சம் இருந்தாலும் வந்துவிடும்.

இதையெல்லாம் முடித்துவிட்டு ஒன்றரை மாசம் சுவரைக் காய விடுங்கள். அந்த நேரத்தில் சுண்ணாம்பைத் தயார் செய்யலாம்.

---

ஈஸ்ட்ஹாம்வாசி | ஜனவரி 10

லண்டனிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீடு 1900-ஐ ஒட்டிக் கட்டிய தொடர்வீடு, ஒன்பது அங்குலத் திடச் சுவர், மஞ்சள் நிற லண்டன் செங்கல். கரண்டிப்பிடி ஐயா சொன்னதை வரிக்கு வரி நான் இங்கே அனுபவித்திருக்கிறேன். முந்தைய உரிமையாளர் முன்சுவரில் சிமெண்ட் வைத்து பாயிண்டிங் செய்திருந்தார். இங்கே உப்போடு பனியும் சேர்ந்துகொள்ளும். செங்கல்லுக்குள் தங்கிய ஈரம் குளிரில் உறைந்து பெருத்து, முகத்தைத் தட்டு தட்டாகக் கழற்றியது. உள்ளே படுக்கையறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம். மூன்று குளிர்காலம் அதற்கு மருந்து அடித்துப் பார்த்தோம், காரணம் வெளியே சந்தில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியில் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவர் கிடைத்தார். இங்கே தண்ணீரிலேயே இறுகும் சுண்ணாம்பு மூட்டையில் விற்கிறார்கள், 2, 3.5, 5 என்று மூன்று தரம். 28 நாளில் அது எட்டும் வலுவை வைத்துப் போட்ட எண்கள். எங்கள் செங்கல்லுக்கு 3.5 போதும் என்றார், மழை நேராக அடிக்கும் புகைபோக்கிக்கு மட்டும் 5. எண் கூடினால் நல்லது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படி இல்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய சிமெண்டை எடுக்க வட்டமாகச் சுழலும் கிரைண்டரை அனுமதிக்காதீர்கள். எங்கள் வீட்டில் வேறொரு ஆள் ஒரு நாள் ஓட்டினார். கிடைச்சந்துகளில் ஓரளவு பரவாயில்லை, நிற்கிற குட்டைச் சந்துகளில் ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் செங்கல்லை வெட்டிவிட்டார். அந்த வெட்டுகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் மெல்லிய செங்கல்லில் சந்து இன்னும் நெருக்கமாக இருக்கும், கை உளிதான் சரி.

---

தளமேடை | ஜனவரி 11

கரண்டிப்பிடி ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் பார்த்ததெல்லாம் புதுக் கட்டடங்கள், அதே பழக்கத்தில் சொல்லிவிட்டேன். நேற்று எங்கள் ஊரில் ஒரு பழைய சத்திரத்துச் சுவரைப் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் வைத்த இடமெல்லாம் சகோதரி சொன்ன அதே தேன்கூடு. இத்தனை நாள் அந்த வழியாகத்தான் போய் வருகிறேன், கவனித்ததே இல்லை.

ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது. முழுச் சுண்ணாம்பு இறுக மாசக்கணக்கு ஆகும். நடுவழியாக 1:1:6, அதாவது ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் வைத்தால் என்ன? அதுவும் இந்தியத் தர விதிகளில் உள்ள கலவைதானே.

---

கரண்டிப்பிடி | ஜனவரி 11

கேட்டது நல்லது தம்பி. அந்தக் கலவை கெட்டதில்லை. 1960, 70-களில் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து கட்டிய வீடுகளுக்கு வைக்கலாம். 1938 வீட்டுக்கு வேண்டாம். இளசான செங்கல்லுக்கு அதுவே கடினம்தான், சிமெண்ட் உப்பும் உள்ளே போகும்.

சீக்கிரம் இறுக வேண்டும் என்றால் அதற்கும் நம்மிடமே வழி இருக்கிறது. செங்கல் தூள், சுர்க்கி. நன்றாக வேகாத செங்கல்லை இடித்துச் சலித்து, சுண்ணாம்போடு சேர்த்தால் ஈரத்திலேயே இறுகும். கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நம் ஆட்கள் இதைத்தான் வைத்தார்கள். அதிகமாக வெந்து கறுத்த கல்லை இடித்தால் வேலை செய்யாது, வெறும் மணல் மாதிரிதான். இளஞ்சிவப்பாக இருக்கிற கல்லை எடுக்க வேண்டும்.

---

சுவர்வாசிப்பு | ஜனவரி 12

கட்டடப் பாதுகாப்பு முதுகலை படிக்கும் மாணவி நான். ஐயா சொன்னதற்குப் பின்னால் இருக்கிற வேதியியலைக் கொஞ்சம் சொல்கிறேன்.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுப்போகும். அதைக் காரையாக வைத்த பிறகு, காற்றில் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே ஆகிறது. இதற்குக் காற்றும் வேண்டும், லேசான ஈரமும் வேண்டும். எலும்பாகக் காய்ந்தாலும் நடக்காது, சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் நடக்காது. செங்கல் தூளில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு நேரடியாகச் சேர்வதால் அது காற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

சுண்ணாம்பு வாங்கும்போது தரம் கேளுங்கள். ஐ.எஸ். 712 என்ற இந்தியத் தர விதி கட்டடச் சுண்ணாம்பை வகை பிரிக்கிறது. ஏ வகை தண்ணீரில் வலுவாக இறுகும், பி நடுத்தரம், சி என்பது கொழுப்புச் சுண்ணாம்பு, வெறும் காற்றில் இறுகுவது. நம் ஊர்க் காளவாய்களில் (சுண்ணாம்புச் சூளைகளில்) கிடைக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு பெரும்பாலும் சி வகை. அதற்குத்தான் செங்கல் தூள் துணை தேவை.

பழைய காரை என்ன கலவை என்று தெரிய, நொறுங்காத ஒரு துண்டை உள்ளிருந்து எடுத்து, கண்ணாடிக் குவளையில் எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஒரு வாரம் போட்டு வையுங்கள், சாற்றை நடுவில் மாற்றுங்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும், மணலும் செங்கல் தூளும் அடியில் நிற்கும். மணல் எவ்வளவு பருமன், என்ன நிறம் என்று பார்த்து அதே மாதிரி தேடலாம். கிளிஞ்சல் துண்டுகள் இருந்தால் அவையும் கரைந்துவிடும், அதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

காவிரிக்கரை | ஜனவரி 21

மண்ணை வெட்டியாயிற்று. புதைந்திருந்த இரண்டு படிகளும் வெளியே வந்தன. அம்மா அந்தப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்.

காரையை எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பார்த்தேன். ஆற்று மணல், கொஞ்சம் பருமனானது, அதோடு சிவப்புத் தூள். தாத்தாவும் செங்கல் தூள் சேர்த்திருக்கிறார்!

காளவாய் ஒன்றிலிருந்து 50 கிலோ சுட்ட சுண்ணாம்பு வாங்கி வைத்திருக்கிறேன். நீற்றுவது எப்படி? கடுக்காய், வெல்லம் சேர்க்க வேண்டுமா?

---

கரண்டிப்பிடி | ஜனவரி 22

நீற்றுவது ஆபத்தான வேலை அம்மா, கவனமாகக் கேளுங்கள். பெரிய இரும்புப் பீப்பாயில் பாதிக்குத் தண்ணீர். அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, வெடித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் டிரம் உருகிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, காலுக்குச் செருப்பு போதாது, மூடின காலணி. குழந்தைகளும் ஆடு மாடும் பக்கத்தில் வரக் கூடாது. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். என் அப்பாவுக்கு ஒரு கண்ணில் பார்வை போனது இதனால்தான்.

ஒரே நாளில் மூட்டை முழுவதையும் போட வேண்டாம், மூன்று நான்கு தடவையாகப் போடுங்கள். கிளறிக்கொண்டே இருங்கள். அடங்கினதும் சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி மூடி வையுங்கள். குறைந்தது மூன்று வாரம், ஐந்து வாரம் என்றால் இன்னும் நல்லது. தயிர் மாதிரி, வெண்ணெய் மாதிரி வரும். நீறாத குருணை ஒன்று உள்ளே இருந்தாலும் பிறகு சந்தில் வெடித்துக்கொண்டு வரும், அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

கடுக்காய் பற்றி நிறையப் பேர் பெரிதாகப் பேசுகிறார்கள். தளத்துக்கும் மேல்பூச்சுக்கும் ஊறல் தண்ணீர் நல்லது, நானே சேர்ப்பேன். சந்து அடைக்கிற வேலைக்கு அது இல்லாமலே சரியாக நிற்கும். வெல்லம் கூடிப்போனால் இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும். முதல்முறை செய்கிற ஆளை வைத்துக்கொண்டு செய்கிறீர்கள், அதனால் சுண்ணாம்பு, சுர்க்கி, மணல் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கலவை: ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, அரைப் பங்கு சுர்க்கி, இரண்டு பங்கு மணல். தண்ணீரே சேர்க்க வேண்டியிருக்காது. முதலில் வறண்ட மாதிரி தெரியும், உடனே தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். ஊற்ற விடாதீர்கள். கட்டையால் இடித்துக்கொண்டே இருந்தால் சுண்ணாம்பிலிருக்கிற ஈரமே வெளியே வந்து இளகிவிடும். கரண்டியைத் தலைகீழாகத் திருப்பினால் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அதுதான் பதம்.

மணலில் உப்பும் சேறும் இருக்கக் கூடாது. எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்கிற மணல் என்றால் மாவுத் தூள் போகிற வரை கழுவுங்கள். கடற்கரை மணல் கூடவே கூடாது.

---

செம்பருத்திவீடு | ஜனவரி 24

இடையில் ஒரு கேள்வி, மன்னியுங்கள். நாகர்கோவிலில் எங்கள் வீடு 1994-ல் கட்டியது. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய வீடுகளைப் பார்த்து ஆசைப்பட்டு, பூசாமல் செங்கல் தெரிகிற மாதிரி கட்டினோம். சிமெண்ட் கலவைதான். தென்மேற்குப் பக்கம் மழை அடிக்கிற சுவரில் மட்டும் சந்துகள் அரித்திருக்கின்றன. நாங்களும் சுண்ணாம்புக்குப் போக வேண்டுமா?

---

தளமேடை | ஜனவரி 24

இது என் பக்கத்து வேலை. உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை. சேம்பர் சூளையில் நன்றாக வெந்த செங்கல் என்றால், கட்டியபோது வைத்த 1:6 சிமெண்ட் கலவையையே வையுங்கள், அல்லது கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து 1:1:6. வலு வேண்டும் என்று 1:3 வைத்தால் காயும்போது சுருங்கி, செங்கல்லுக்கும் கலவைக்கும் நடுவில் மயிரிழை விரிசல் விடும், அதற்குள் மழை புகும். முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டிவிட்டு அடையுங்கள். அந்தப் பக்கத்துக் கூரை நீட்டம் எவ்வளவு என்று பாருங்கள். பேக்கர் வீடுகளில் சுவரைக் காப்பாற்ற நல்ல நீட்டம் கொடுத்திருப்பார், அதை விட்டுவிட்டு வெறும் செங்கல் அழகை மட்டும் எடுத்துக்கொண்டால் சுவர்தான் அவதிப்படும்.

---

காவிரிக்கரை | மார்ச் 14

வேலை முடிந்தது. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படட்டும்.

ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும், மொத்தம் 13 நாள். கொத்தனார் இதற்கு முன் சுண்ணாம்பில் வேலை செய்ததே இல்லை. கரண்டிப்பிடி ஐயா போனில் அவரோடு மூன்று முறை பேசினார். அந்த அண்ணன் முதலில் தயங்கினார், பிறகு என்னைவிட அவருக்குத்தான் ஆர்வம்.

முதல் வேலையாக உப்பைக் காய்ந்த நிலையிலேயே தென்னைநார்ப் பிரஷால் தேய்த்து எடுத்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும் என்று சுவர்வாசிப்பு தனியாகச் சொல்லியிருந்தார். இரும்புப் பிரஷ் செங்கல் தோலைக் கிழிக்கும் என்பதால் அதையும் தொடவில்லை. கொட்டிய உப்பை முறத்தில் அள்ளி வெளியே கொண்டுபோய்ப் போட்டோம்.

பழைய சிமெண்ட் பாதி இடத்தில் மெல்லிய உளியை வைத்துத் தட்டியதுமே பாளமாக வந்துவிட்டது. மற்ற இடத்தில் செங்கல்லோடு கெட்டியாகப் பிடித்திருந்தது. இழுத்தால் செங்கல் உடைந்துவிடும் போலிருந்தது. ஐயாவைக் கேட்டபோது, வராததை விட்டுவிடுங்கள், இன்னும் ஐந்து பத்து வருஷத்தில் தானே விடும் என்றார். விட்டுவிட்டோம்.

சந்து அரை அங்குல அகலம் இருந்தது. அதன் இரண்டு மடங்கு ஆழம், ஒரு அங்குலம், உள்ளே சதுரமாக இருக்கும்படி சுரண்டினோம். ஒரே நாளில் சுவர் முழுவதும் சுரண்டவில்லை. நாலடி நீளம் சுரண்டி, அதை அடைத்துவிட்டு அடுத்த நாலடி. இரண்டு இடத்தில் காரை மூன்று அங்குலத்துக்கு மேல் போயிருந்தது, அங்கே செங்கல் சில்லுகளை உள்ளே வைத்து இறுக்கிப் பின் அடைத்தோம்.

முன்தினம் மாலையும் அன்று காலையும் சுவரை நனைத்தோம். கலவையை ஒரே தடவையாகத் திணிக்காமல் அரை அங்குலமாக இரண்டு அடுக்கு. சந்துக்குள் போகிற அளவுக்குக் குறுகலான கரண்டி கடையில் கிடைக்கவில்லை, பட்டறையில் இரும்புப் பட்டை ஒன்றைத் தட்டித் தரச் சொன்னோம். செங்கல்லின் முனைகள் மழுங்கியிருப்பதால் காரையை விளிம்பு வரை கொண்டுவராமல் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) உள்ளேயே நிறுத்தினோம். மேலே இழுத்துப் பூசினால் மெல்லிய ஓரம் பிய்ந்துவிடுமாம், அகலமான சந்து போலவும் தெரியும். கொஞ்சம் இறுகியதும் கரடுமுரடான பிரஷால் குத்திக் குத்தி விட்டார் அண்ணன். சந்தின் முகம் திறந்து, பழைய காரை மாதிரியே ஆகிவிட்டது.

ஒரு தவறும் நடந்தது. மூன்றாம் நாள் செய்த பகுதிக்குச் சாக்கு கட்ட மறந்துவிட்டோம். மத்தியானம் வெயிலும் காற்றும் சேர்ந்து அடித்தன. சாயங்காலம் பார்த்தால் சந்து முழுக்க விரிசல், நகத்தால் கீறினால் தூள். அவ்வளவையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்தோம், ஒன்றரை நாள் போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஈரச் சாக்கைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் மருந்தடிக்கிற கைப்பம்பில் பனி மாதிரி தெளித்தோம். கடைசிப் பகுதிக்கு இன்னும் தெளித்துக்கொண்டிருக்கிறோம். அம்மா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

அரசங்கன்றின் வேர் நாலடி நீளம். ஆறு செங்கல் கழற்ற வேண்டியிருந்தது.

---

ஈஸ்ட்ஹாம்வாசி | மார்ச் 14

இங்கேயும் அதே சாக்குத்தான், ஆனால் பனிக்குப் பயந்து! 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு வேலையை நிறுத்திவிடுவார்கள், அக்டோபருக்குப் பிறகு யாரும் தொடமாட்டார்கள். உங்களுக்கு வெயில். பட்டறையில் கரண்டி அடித்ததைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன் அக்கா.

---

காவிரிக்கரை | டிசம்பர் 20

வடகிழக்கு மழை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது, கொல்லையில் தண்ணீர் நிற்கவில்லை.

சந்துகள் நிற்கின்றன. ஒரு இடத்தில் மட்டும், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குக் காரை மேலாக உதிர்ந்து வெள்ளை பூத்திருக்கிறது. பக்கத்துச் செங்கல்கள் முழுசாக இருக்கின்றன. சுவர்வாசிப்பு சொன்னபடி, கண்ணில் படாத ஒரு மூலையிலிருந்து காரைத் துண்டு ஒன்றை உடைத்து அதில் பினால்ஃப்தலீன் சொட்டுவிட்டுப் பார்த்தேன். கல்லாக மாறாத சுண்ணாம்பு பட்டால் இளஞ்சிவப்பாகும் திரவம் அது. வெளிப்பக்கம் நிறம் மாறவில்லை, உள்பக்கம் நல்ல இளஞ்சிவப்பு. வெளியே கல்லாகிவிட்டது, உள்ளே இன்னும் ஆகிக்கொண்டிருக்கிறது என்றார்.

அந்த உதிர்ந்த இடத்தை இப்போதே அடைத்துவிடலாமா ஐயா?

---

கரண்டிப்பிடி | டிசம்பர் 21

இப்போது வேண்டாம் அம்மா. உள்ளே இருந்த பழைய உப்பு வெளியே வருகிறது, வரட்டும். துவைக்கிற கல்லைச் சுவரை விட்டு நாலடி தள்ளிப் போடுங்கள். தை முடிகிற வரை காய விட்டு, உப்பைத் துடைத்துவிட்டு, மாசியில் அந்த ஒரு முழத்தை மட்டும் சுரண்டி அடையுங்கள். பீப்பாயில் சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது அல்லவா? அதைக் கொட்டிவிடாதீர்கள். மேலே தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் எத்தனை வருஷமானாலும் கெடாது, நாளாக ஆக இன்னும் பதமாகும். மூடியின் மேல் ஒரு கல் வைக்கச் சொல்லுங்கள், கோழி தட்டிவிடப் போகிறது.

---

காவிரிக்கரை | டிசம்பர் 21

பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது ஐயா. தண்ணீர் நாலு விரல் நிற்கிறது. அம்மா இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், ஆட்டுக்கல்லை எடுத்து மூடியின் மேல் வைத்திருக்கிறாராம். அடுத்த மாசி முகூர்த்தத்துக்கு முன்னால் அந்த அண்ணனை வரச் சொல்லியிருக்கிறேன். பட்டறையில் அடித்த கரண்டியை அவர் திருப்பித் தரவில்லை, பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்கு இதே வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.